சாவி இருக்கா சார், சாவி?

சாயந்திர நேர ஆவடி லோக்கல். நிற்கக்கூட இடமில்லை. அம்பத்தூரைத் தாண்டும்போது ஒருத்தருக்குத் திடீர்னு வலிப்பு வந்தா, கூட்டத்தில் முதலில் கேட்கும் குரல் எது? 'சாவி இருக்கா சார், சாவி?'

ஒரு நிமிஷம் பாஸ்! இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். பேர் வாங்கிக்கொள்வது சாவி!

நிஜமான மேட்டர் மூளைக்குள்ளே இருக்கு. நரம்பு செல்களுக்கு குளூட்டமேட்தான் ஆக்ஸிலரேட்டர், காபாதான் பிரேக். இரண்டும் பேலன்ஸா இருக்கும்வரை பிரச்னை இல்லை.

சி.டி.எச். ரோட்டில் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு பறப்பவரா நீங்க? கவனிங்க. தலையில் பலத்த அடி. தையல் பிரிச்சாச்சு, காலேஜுக்கும் வந்தாச்சு. ஆனால் சிலருக்கு மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்து முதல் வலிப்பு வரும். இடைப்பட்ட காலத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பெருகுகின்றன. பிழைத்த செல்கள் தப்புத்தப்பாகப் புது இணைப்புகள் போட்டுக்கொள்கின்றன. செல்லுக்குள் இருக்கும் குளோரைடை வெளியேற்றும் கே.சி.சி.2 என்ற 'பம்ப்' குறைகிறது. விளைவு? பிரேக்கை அமுக்கினால் வண்டி வேகமெடுக்கிறது! வலிப்பு நோயாளிகளுக்கு ஆபரேஷனில் அகற்றிய மூளைத் திசுவில், காபாவே சில செல்களைத் தூண்டிவிடுவதை 2002ல் பாரிஸ் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

இந்த மாற்றத்தை மருந்தால் தடுக்க முடியாதா? தலையில் அடிபட்டவர்களுக்கு ஃபெனிட்டாயின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1990ல் வெளியானது. முதல் வாரத்தில் வரும் வலிப்பு குறைந்தது; பிறகு வருவதைத் தடுக்க முடியவில்லை. இன்றைய மாத்திரைகளும் வலிப்பைத்தான் அடக்குகின்றன. நோய் உருவாவதைத் தடுக்கும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அதனால்தான் ஹெல்மெட் தலையில் இருக்கணும், டேங்கில் இல்லை.

ஏற்கெனவே வலிப்பு இருக்கா? கவலை வேண்டாம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம். ஹாஸ்டலில் யாராவது பார்த்துடுவாங்கன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அதுதான் ஆபத்து. 'கல்யாணம் ஆகுமா?' என்ற பயமும் வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த 'வலிப்பு' என்ற வார்த்தையையே 1999ல் தூக்கிட்டாங்க!

பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால்...

* கூட்டத்தை விலக்குங்க. தலைக்கடியில் பையையோ துணியையோ வையுங்க.
* வாயில் எதையும் திணிக்காதீங்க. கை, காலை அழுத்திப் பிடிக்காதீங்க.
* உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்க.
* வாட்சைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினால் 108க்கு போன்!

சாவி? அது உங்க பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.