வாலில் இருக்கிறது விஷயம்!

உங்கள் வீட்டு வாசலில் சின்னக் கார் ஒன்று நிற்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அதோடு, மீசை அரும்பிய பிள்ளை ஒருவனும் வீட்டில் இருந்தால், அவசியம் கடைசி வரை படித்துவிடுங்கள்.

1983-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மாருதி 800 என்ற குட்டிக் கார் நம் தெருக்களுக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுபோவதற்குள், ஆல்டோ முதலிய தம்பிமார்கள் பலர் பிறந்துவிட்டார்கள். இந்தக் கார்களுக்குப் பெருமையே சிக்கனமும் சாதுத்தனமும்தான். வாசலில் வந்து நிற்பதுகூட அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கோ இந்தச் சாதுத்தனம்தான் பிடிப்பதில்லை!

"அம்மா! வண்டிக்கு வேறே எக்ஸாஸ்ட் மாட்டப் போகிறேன். பிரமாதமாக இழுக்கும். நீ பணம் மட்டும் கொடு, போதும்" என்று வந்து நிற்கிறான்.

எக்ஸாஸ்ட் என்று அவன் சொல்வது வேறொன்றுமில்லை. காரின் அடியில் நீளமாக ஓடி, பின்பக்கம் வால்போல் எட்டிப் பார்க்கிறதே, அந்தப் புகைக்குழாயும் அதில் கோத்திருக்கும் ஸைலன்ஸரும்தான். பணம் எடுத்துக் கொடுக்கும் முன்பு, அது என்ன வேலை செய்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வினாடிக்கு 75 வெடி

மாருதி 800-இன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, மூன்றிலுமாகச் சேர்ந்து வினாடிக்கு 75 தடவை பெட்ரோல் எரிந்து வெடிக்கிறது. தீபாவளிச் சரம்கூட இந்த வேகத்தில் வெடிக்காது! அத்தனை சப்தத்தையும் தகரப் பெட்டி ஒன்றுக்குள் விட்டு, அறை அறையாகச் சுற்றவைத்து, அடக்கி அனுப்புவது ஸைலன்ஸரின் வேலை. அமெரிக்காவில் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-லேயே இப்படியொரு கருவிக்குப் பேடண்டு உரிமை வாங்கிவிட்டார்கள்.

ஸைலன்ஸருக்கு முன்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில், இன்னொரு பாத்திரம் இருக்கிறது. அதற்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்று பெயர். உள்ளே தேன்கூடு மாதிரி கண் கண்ணாகத் துளையிட்ட பீங்கான் கட்டி; அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. நன்றாகச் சூடேறியபின், எஞ்சின் கக்கும் விஷ வாயுக்களில் பெரும் பகுதியை இது மாற்றிவிடுகிறது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள்.

ஆக, வால் என்று நாம் அலட்சியமாக நினைப்பது காருக்கு வாயும் மூக்கும் போன்றது. சப்தத்தை அடக்குவதும், விஷத்தை முறிப்பதும், மிச்சத்தை நம்மிடமிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுவதும் அதன் பொறுப்பு.

வேகம் வருமா?

"சப்தத்துக்காக இல்லை அம்மா, வேகத்துக்காக" என்று பிள்ளை சொல்வான். சிறிய எஞ்சினில் கடைசி ஸைலன்ஸரை மட்டும் மாற்றுவதால் கிடைப்பது, கிடைத்தால், ஒன்றிரண்டு குதிரைச் சக்தி. அதுவும் எஞ்சினை உச்ச வேகத்தில் விரட்டும்போது. மவுண்ட் ரோடு நெரிசலில் நகர்ந்து போகும் காருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? தேவைக்கு மேல் அகலமான குழாயைப் போட்டால் வாயு மந்தமாகப் போகும். சிக்னலில் நின்று கிளம்பும்போது இழுவை முன்னைவிடக் குறையவும் கூடும்.

அதிகமாக வருவது சப்தம் ஒன்றுதான். சப்தம் பெருகியதும் வேகம் பெருகிவிட்டதாகக் காதுக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான் ரகசியம். வெளியே கேட்பவர்களைவிட உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஒரே வேகத்தில் போகும்போது "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் எழுந்து, காருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காஞ்சீபுரம் போய்த் திரும்புவதற்குள் தலையைப் பிடித்துக்கொள்வீர்கள்.

பின் ஸீட்டில் வரும் தலைவலி

தலைவலி என்றதும் இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

பெட்ரோல் எரிவதால் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் நெருக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். அளவு மிஞ்சினால் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதே இல்லை.

பெரிய கார்கள் சிலவற்றில் டிக்கி தனி அறையாக இருக்கிறது. சின்னக் கார்களிலோ, பின்கதவைத் தூக்கினால் சாமான் வைக்கும் இடம். அதற்கு முன்னாலேயே குழந்தைகள் உட்காரும் ஸீட்டு. இரண்டுக்கும் நடுவே தடுப்பு ஏதும் இல்லை. எனவே குழாயின் நுனி பம்பருக்கு அடியிலேயே நின்றுபோனாலும், இணைப்பு ஒன்று ஒழுகினாலும், பின்கதவின் ரப்பர் தேய்ந்திருந்தாலும், புகை காருக்குள்ளேயே வந்துவிடக் கூடும். கன்வர்ட்டரையும் கழற்றி எறிந்திருந்தாலோ, வருகிற புகை விஷம் முறியாத புகை.

பிரயாணத்தில் குழந்தைக்குத் தலைவலி, வாந்தி என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "பித்தம்" என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்கிறோம். பின் ஸீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்குமே தலை வலிக்கிறதா, இறங்கிக் காற்றாட நின்றதும் சரியாகிவிடுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் குற்றவாளி பித்தம் அல்ல, குழாய்தான் என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்குங்கள். மயக்கமோ தடுமாற்றமோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குழாயைப் பார்த்துச் சரிசெய்யும்வரை அந்தக் காரில் ஏறாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிற்சாலை அமைத்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, சப்தம், புகை பற்றிய விதிகளை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் லைசென்ஸையும் மூன்று மாதம் இழக்கவேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டியின் சொந்தக்காரர் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆர்.ஸி. புத்தகம் உங்கள் பெயரில் இருந்தால், அந்தச் சொந்தக்காரர் நீங்கள்தான்!

மாற்றியே ஆகவேண்டுமென்றால்

சில வேளைகளில் மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஸைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டையாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? வண்டி சூடானால் அது ஆவியாய்ப் போய்விடும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று அரை மைல் ஓடி நிற்கும் வண்டியில் உள்ளேயே தங்கி, இரும்பை அரித்துவிடும். காலையில் குழாய் நுனியில் சொட்டும் தண்ணீரும், ஸைலன்ஸரின் அடியில் கம்பெனியே விட்டிருக்கும் சின்னஞ்சிறு துளையும் கோளாறு அல்ல, பயப்படாதீர்கள்.

புதிது வாங்கும்போது உங்கள் காரின் மாடலுக்கென்றே செய்த, அசலுக்குச் சமமான ஸைலன்ஸரைக் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால், கொஞ்சம் விலை கூடினாலும் துருப்பிடிக்காத எஃகில் கிடைக்கிறதா என்று பாருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் கீழ்க்கண்ட விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்.

"கன்வர்ட்டரில் கை வைக்காதீர்கள்." அது பழசானாலும் உள்ளே இருக்கும் உலோகத்துக்காக நல்ல விலை பெறும். "அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

"கேஸ்கட், கிளாம்பு, தொங்கும் ரப்பர் எல்லாம் புதிது போடுங்கள்." பழைய ரப்பரில் மாட்டினால் குழாய் ஆடி ஆடி இணைப்பு விட்டுப்போகும். எஞ்சின் பக்கத்து இணைப்பு ஒழுகினால், அங்கேயுள்ள ஆக்ஸிஜன் ஸென்ஸர் தப்புக் கணக்குப் போட்டு, பெட்ரோலும் வீணாகும்.

"வெல்டிங் வேண்டுமானால் குழாயைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள்." பெட்ரோல் டாங்க் பக்கத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது. வண்டியில் வைத்தே செய்யவேண்டிவந்தால், பாட்டரி இணைப்பை முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

"வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் பொருத்துங்கள்." கடகடவென்று சப்தம் போடுகிறது என்று அதைக் கழற்றி எறிவது தவறு. திருகாணியை முடுக்கினால் போதும்.

வேலை முடிந்ததும், திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, இணைப்புகளில் "புஸ்" என்ற சப்தமோ கரியோ தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் நுனி பம்பரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறதா என்பதை நீங்களே குனிந்து பார்த்துவிடலாம். புகைச் சான்றிதழையும் புதிதாக எடுத்துவிட்டால் நிம்மதி.

இனி உங்கள் பிள்ளை விஷயம். அவனுடைய ஆசையைத் தப்பென்று சொல்லவேண்டாம். யந்திரத்தில் ஈடுபாடு நல்ல குணம்தான். எக்ஸாஸ்டுக்கு என்று கேட்ட பணத்தில், நல்ல டயர் நான்கு வாங்கலாம், பிரேக்கைச் சரிபார்க்கலாம், காற்று வடிகட்டியும் பிளக்கும் மாற்றலாம். அந்த வேலைகளை மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று அவனே கற்றுக்கொள்ளட்டும். வண்டி நிஜமாகவே நன்றாக ஓடும். அடுத்த வீட்டுக் கைக்குழந்தையும் நிம்மதியாகத் தூங்கும். உங்கள் வீட்டுக் குழந்தைகள் பின் ஸீட்டில் தூங்கிப்போனாலும், அது வெறும் தூக்கம்தான் என்று நீங்கள் கவலையில்லாமல் இருக்கலாம்.