இங்கிலாந்தில் சப்ளை டீச்சராகப் போகிறீர்களா?

யார் இந்த சப்ளை டீச்சர்? வழக்கமான ஆசிரியர் காய்ச்சலில் படுத்தாலோ, பயிற்சிக்குப் போனாலோ, மகப்பேறு விடுப்பில் இருந்தாலோ அந்த வகுப்பை எடுக்க வருபவர். ஒரு நாளைக்கும் கூப்பிடுவார்கள், ஒரு பருவம் முழுக்கவும் வைத்துக்கொள்வார்கள்.

பள்ளியில் வேறு ஆசிரியர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் 2009 செப்டம்பர் முதல் கவுன்சில் பள்ளிகளில் (உள்ளாட்சி மன்றப் பள்ளிகள்) ஓர் ஆசிரியர் இன்னொருவரின் வகுப்பை அரிதாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி. நம்மூர் மாதிரி, "அந்த கிளாஸையும் கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட முடியாது. அதனால் காலையிலேயே, சப்ளை டீச்சர்களை அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போகிறது. அடுத்த போன் உங்களுக்கு.

ஊரில் படித்த பி.எட். செல்லுமா? இந்தியாவில் பயிற்சி பெற்ற கணிதம், அறிவியல், மொழி ஆசிரியர்கள் 2023 முதல் கியூ.டி.எஸ்.ஸுக்கு (தகுதிபெற்ற ஆசிரியர் என்ற அங்கீகாரம்) விண்ணப்பிக்கலாம். டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சோதனை) எல்லாருக்கும் உண்டு.

ஒன்றில் கவனம் வேண்டும். 'கவர் சூப்பர்வைசர்' என்பது வேறு வேலை. ஏற்கெனவே கொடுத்துவைத்த பயிற்சியைப் பிள்ளைகள் செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டால் போதும், சம்பளமும் குறைவு. அந்தச் சம்பளத்துக்கு உங்களைப் பாடமே நடத்தச் சொன்னால் ஏஜென்சியிடம் அன்றே பேசுங்கள்.

சம்பளம் எப்படி? கவுன்சில் பள்ளி உங்களை நேரடியாக அமர்த்தினால், ஆண்டுச் சம்பளத்தில் 195-ல் ஒரு பங்கு ஒரு நாள் கூலி. ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். ஏஜென்சி வழியாகப் போனால் அந்தத் திட்டம் கிடையாது, கூலியும் ஏஜென்சி பேசுவதுதான். நடுவில் 'அம்ப்ரெல்லா கம்பெனி' (உங்களை ஊழியராக அமர்த்திச் சம்பளம் பட்டுவாடா செய்யும் நிறுவனம்) ஒன்றும் நுழையலாம். அப்போது முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகையும் உங்களிடம் சொன்ன கூலியிலிருந்தே போகும். ஆகவே "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் போதாது, "கைக்கு எவ்வளவு வரும், விடுமுறை ஊதியம் இதற்குள்ளா, தனியா?" என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன், கூலியும் பிடித்தங்களும் எழுதிய முக்கியத் தகவல் தாளை ஏஜென்சியிடம் கேட்டு வாங்குங்கள். 2020 ஏப்ரல் முதல் அதைக் கொடுத்தாக வேண்டும்.

ஏஜென்சி வழியாகப் போனால் எப்போதும் குறைந்த கூலிதானா? இல்லை. 2011 அக்டோபரில் நடப்புக்கு வந்த ஏஜென்சித் தொழிலாளர் விதிகளின்படி, ஒரே பள்ளியில் ஒரே வேலையில் 12 வாரம் முடித்தால், பள்ளி நேரடியாக அமர்த்தியிருந்தால் கிடைத்திருக்கும் அடிப்படைச் சம்பளம் உங்களுக்கும் உண்டு. வாரத்தில் ஒரே நாள் போயிருந்தாலும் அது ஒரு வாரம்தான். பள்ளி விடுமுறையில் கணக்கு நிற்கும், அழியாது. போன தேதிகளை டைரியில் குறித்துவையுங்கள். பன்னிரண்டாவது வாரம் முடிந்ததை உங்களுக்கு யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

மனசு எப்படித் தாங்கும்? இந்த வேலையில் களைப்பைவிடத் தனிமைதான் அதிகம் என்பது என் எண்ணம். பிள்ளைகளின் பெயர் தெரியாது. பின்வரிசைப் பையன்கள் இடம் மாறி உட்கார்ந்து, ஒருவன் பெயரை இன்னொருவன் பெயராகச் சொல்லிச் சிரிப்பார்கள். இடைவேளையில் ஓய்வறைக்குப் போனால் எந்தக் கோப்பை யாருடையது என்று தெரியாமல் கை தயங்கும். நாளை வேலை உண்டா என்பதும் தெரியாது.

இதில் பாதியை வாசலிலேயே தடுக்கலாம். கையெழுத்திட்டு உள்ளே போகும்போதே உட்காரும் இட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். குறும்பு எல்லை மீறினால் யாரை அழைப்பது, எந்தப் பிள்ளைக்கு ஒவ்வாமை, பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் யார் என்பதையும் கேளுங்கள். கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். உணவகம், கார் நிறுத்துமிடம், காலியிட அறிவிப்பு ஆகியவை முதல் நாளிலிருந்தே உங்களுக்கும் பொது. ஏதாவது தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். வகுப்பில் புகார் எழுந்தால் உங்கள் பக்கம் பேச ஆள் வேண்டும்.

கடைசியாக, டி.பி.எஸ். செலவை ஏஜென்சி உங்களிடம் கேட்கலாம். வேலை தேடித் தந்ததற்கென்று கட்டணம் கேட்டால் அது சட்டத்துக்குப் புறம்பு. கொடுக்காதீர்கள்.