பத்தும் பத்தும் இருபதாகாத இடம்

12 வோல்ட், 10 ஆம்பியர் என்று எழுதிய எஸ்எம்பிஎஸ் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. கடையின் பெயர்ப்பலகையில் உள்ள எல்இடி விளக்குகள் 15 ஆம்பியர் கேட்கின்றன. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் ஆளுக்கு ஏழரை ஆம்பியர் என்று பங்கு பிரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிப் பிரிவதில்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று 12.10 காட்டும், மற்றது 12.00 காட்டும். அவுட்புட் முனைக்குப் பக்கத்திலுள்ள சின்னத் திருகைத் திருப்பி இரண்டையும் சமமாக்கினாலும், சூடேறியதும் சற்று விலகிவிடும். லோடு எவ்வளவு ஏறினாலும் வோல்டேஜை இறங்கவிடாமல் பிடித்து நிற்பதே நல்ல பவர் சப்ளையின் அடையாளம். இங்கே அந்தப் பிடிவாதம்தான் வினையாகிறது. முதல் பெட்டி கம்பியை 12.10-இல் நிறுத்தப் பார்க்கிறது. இரண்டாவதற்குத் தேவை 12.00 மட்டுமே. கம்பியில் அதற்கு மேலேயே இருப்பதால் அது ஒன்றும் தராமல் சும்மா இருக்கிறது. ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் முந்தி நடப்பதன் தோளில்தானே பாரம் விழும்!

முதல் பெட்டி 10 ஆம்பியர் எல்லையைத் தொட்டதும் என்ன ஆகும் என்பது அதன் உள்ளமைப்பைப் பொறுத்தது. எல்லையிலேயே நின்று 10 ஆம்பியரைத் தொடர்ந்து தரும் வகை என்றால் மீதி 5 இரண்டாவதற்குப் போகும். பலகை எரியும். ஆனால் முதல் பெட்டி எந்நேரமும் முழுச் சூட்டில் கிடக்கும். 10 டிகிரி சூடு கூடினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. எல்லையைத் தாண்டியதும் அணைந்துவிடும் வகை என்றால் நிலைமை இன்னும் மோசம். 15 ஆம்பியரும் இரண்டாவதன் தலையில் விழ, அதுவும் அணையும். பலகை விட்டுவிட்டு மின்னும்.

டயோடு போட்டால் ஒன்றின் கரண்ட் மற்றொன்றுக்குள் திரும்பி நுழையாது. ஆனால் அது பங்கைச் சமமாக்காது.

சமமாக்குவது ஒரு ரெசிஸ்டர். ஒவ்வொரு பிளஸ் கம்பியிலும் 0.1 ஓம் வைத்துப் பாருங்கள். முதல் பெட்டி 8 ஆம்பியர் தரும்போது அதன் ரெசிஸ்டரில் 0.8 வோல்ட் இழப்பு, 12.10 போய் 11.30 ஆகிறது. இரண்டாவது 7 ஆம்பியர் தரும்போது இழப்பு 0.7; 12.00-உம் அதே 11.30-க்கு வருகிறது. பத்து, ஐந்து என்று கிடந்த பங்கு எட்டு, ஏழு என்று நேராகிவிட்டது! எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இந்த இடம்தான். வோல்டேஜை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரை சேர முடியாத இரண்டு பெட்டிகள், பாரம் ஏறும்போது கொஞ்சம் இறங்கிக்கொடுத்ததும் சேர்ந்துவிட்டன. விலை, ரெசிஸ்டர்களில் வெப்பமாக வீணாகும் 11.3 வாட். பலகையை இரண்டு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கொரு பெட்டி கொடுக்க வழியிருந்தால் அதுவே மேல். இந்த இழப்பு இல்லை.

ரெசிஸ்டரே இல்லாமல், லோடு ஏற ஏற வோல்டேஜைத் தானே சிறிது தாழ்த்திக்கொள்ளும்படி மின்சுற்றை அமைக்கவும் முடியும். இதற்கு ட்ரூப் என்று பெயர். மின் நிலையங்களில் வோல்டேஜுக்குப் பதில் சுழலும் வேகம் தாழ்கிறது. டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் 5 சதவீத ட்ரூப் என்றால், லோடே இல்லாத நிலையிலிருந்து முழு லோடு வரை போகும்போது வேகம் 5 சதவீதம் இறங்க விடப்படும்; 50 ஹெர்ட்ஸில் அது 2.5 ஹெர்ட்ஸ். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அன்றிலிருந்து நெய்வேலியின் டர்பைனும் பக்ராவின் டர்பைனும் ஒரே அதிர்வெண்ணில் ஓடுகின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றால் அதிர்வெண் சற்று இறங்கும். அந்த இறக்கமே எல்லா இயந்திரங்களுக்கும் செய்தி. மற்றவை என்ன செய்கின்றன என்று கேட்காமலே, முதல் சில நொடிகளில் ஒவ்வொரு கவர்னரும் தன் ட்ரூப் அளவுக்கேற்ப வால்வைத் திறக்கிறது. இறங்கிய அதிர்வெண்ணை மறுபடி 50-க்கு ஏற்றுவது அதற்கடுத்த வேலை. தெற்கில் அதைக் கண்காணிக்கும் மண்டல மையம் பெங்களூருவில் இருக்கிறது.