மரத்துப்போன கன்னம் எப்படி வலிக்கும்?

சென்ற தீபாவளியன்று விடியற்காலை. பாட்டி ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தார். அத்தையின் முறை வந்தபோது ஒரு துளி எண்ணெய் வழிந்து இடது கன்னத்தில் இறங்கியது. அவ்வளவுதான். முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டார் அத்தை. சத்தமே இல்லை, கண்ணிலிருந்து நீர் மட்டும் கொட்டியது.

அவருக்கு மூளைக் கட்டி அறுவை சிகிச்சை முடிந்து அப்போது எட்டு மாதம். புற்றுநோய்க் கட்டி அல்ல. முழுவதும் எடுத்தாயிற்று, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது முடிந்த கதை. “அதான் கட்டியை எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி?” என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

“நீ ரேடியோவுல மணிக்கணக்காப் பேசுற. எனக்கு ‘சாப்பிட்டியா’ன்னு ஒரு வார்த்தை கேட்கவே யோசனையா இருக்கும்மா,” என்றார் அத்தை. அந்த மாதங்களில் அவர் யாரையும் தொலைபேசியில் அழைக்கவில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்துதான்.

முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது டிரைஜெமினல் எனப்படும் ஐந்தாவது மூளை நரம்பு. பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளைகளாகப் பிரிகிறது. முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும், செவிப்புலனையும் சமநிலையையும் கவனிக்கும் எட்டாவது நரம்பும் மூளைத்தண்டின் அருகே இதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தக் குறுகிய இடத்தில் கட்டி வளர்ந்தால் நரம்பு நசுங்கும். கட்டியை எடுக்கும்போதும் நரம்பு காயப்படலாம்.

வலி இரண்டு விதமாக வரலாம். ஒன்று, மின்சாரம் தாக்கியதுபோல் சில விநாடிகள் தெறித்துவிட்டுப் போவது. பல் துலக்குவது, மெல்லுவது, பேசுவது, ஏர்கான் காற்று படுவது என எதுவும் அதைத் தூண்டிவிடும். தாடையில் வந்தால் பல்வலி என்றே தோன்றும். அத்தையும் முதலில் பல் மருத்துவரிடம்தான் போனார். ஒரு கடைவாய்ப்பல் போனது, வலி போகவில்லை.

இன்னொன்று, நாள் முழுவதும் எரிவது. கன்னம் மரத்துப்போயிருக்கும், ஆனால் உள்ளே தீயாய் எரியும். “மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும்?” என்று மாமா கேட்டது நியாயமான கேள்விதான். காயப்பட்ட நரம்பு, யாரும் தொடாதபோதும் தவறான செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூளை அதைக் கன்னத்து வலியாகவே எடுத்துக்கொள்கிறது.

எந்த வலி என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. தெறிக்கும் வலிக்கு முதலில் தருவது பெரும்பாலும் கார்பமஸெபின். எரியும் வலிக்கு கபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை. சாதாரண வலி மாத்திரைகள் இரண்டுக்கும் அவ்வளவாக உதவுவதில்லை. வம்பு தொடங்குவது மருந்துத் தாளைப் படிக்கும்போது. “இது காக்காய்வலிப்பு மாத்திரை”, “இது மனச்சோர்வு மாத்திரை” என்று மாமா பதறி, இரண்டே வாரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். இந்த மருந்துகள் நரம்பின் பரபரப்பை அடக்குவதால்தான் வலிக்கும் தரப்படுகின்றன. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். பலன் தெரிய வாரக்கணக்காகலாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு கார்பமஸெபின் உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பை உண்டாக்கக்கூடும். ஆசியர்களிடம் அது அதிகம் காணப்படுவதால், அவர்களுக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்வது 2013 முதல் சிங்கப்பூரில் வழக்கமான நடைமுறை. உங்களுக்குச் செய்தார்களா என்று கேட்பதில் தவறில்லை. பரிசோதனை செய்திருந்தாலும், மருந்து தொடங்கியபின் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தெறிக்கும் வலி மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை, காமா நைஃப் கதிர்வீச்சு போன்ற வழிகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே காயப்பட்டு எரியும் நரம்பை மேலும் சிதைத்தால் வலி கூடவும் கூடும். அதனால்தான் ‘எந்த மாதிரி வலி’ என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதத் தொடங்கினார்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை விநாடி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். அந்த நோட்டைப் பார்த்தபின்தான் மருத்துவர் மருந்தை மாற்றினார்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்றிக் கிளை மரத்திருந்தால் கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. வலியே இல்லாமல் கண் சிவந்தால் அன்றே காட்டிவிட வேண்டும்.

அத்தைக்கு வலி முழுவதும் போய்விடவில்லை. எம்ஆர்டியில் துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொள்கிறார், முறுக்கை மறந்தாயிற்று, எண்ணெய்க் குளியலுக்குப் பாட்டி உச்சந்தலையில் ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்கிறார்.

போன வாரம் நிகழ்ச்சி முடித்து ஒலிப்பதிவுக் கூடத்தைவிட்டு வெளியே வந்தேன். கைப்பேசியில் அத்தையிடமிருந்து ஒரு குரல் பதிவு, நாற்பது விநாடி. “இன்னிக்கு அந்தக் கடைசிப் பாட்டுக்கு முன்னால ரொம்ப வேகமாப் பேசிட்ட. கொஞ்சம் நிதானமாப் பேசும்மா.”