உஷார்! சுவிட்சில் விளக்கு எரியவில்லையா? கேபிளைத் தொடாதீர்கள்

கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், ஜவ்வாது மலையின் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ இப்படியொரு போன் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது: “சார், நெட் கார்டு பூடுச்சி. சுவிட்ச்ல வெளக்கே எரியல. வேற கார்டு இருக்குது, மாட்டிப் பாக்கட்டா?”

மாட்டாதீர்கள். அந்தக் கேபிளைக் கையால் தொடக்கூட வேண்டாம். எழுந்து வெளியே போய், அது எந்த வழியாக வருகிறது என்று தள்ளி நின்று கண்ணால் பாருங்கள். கணினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்பீர்கள். லினக்ஸ் கணினியில் ‘ஐபி லிங்க்’ என்று அடித்துப் பாருங்கள். கேபிளின் மறுமுனையிலிருந்து சத்தமே இல்லையென்றால் ‘நோ-கேரியர்’ என்று காட்டும். ‘ஈத்டூல்’ அடித்தால் கடைசி வரியில் ‘லிங்க் டிடெக்டட்: நோ’ என்று வரும். ஜாக் சரியாக உட்காராவிட்டாலும் இதே சொல். எலி கடித்திருந்தாலும் இதே சொல். சுவிட்சின் அடாப்டர் எரிந்துபோயிருந்தாலும் இதே சொல். காற்றில் அறுந்த லான் கேபிள் கரண்டுக் கம்பிமேல் விழுந்து, 230 வோல்ட் ஏறிக் கிடந்தாலும் திரையில் வருவது அதே சொல்தான். இத்தனை காரணங்களில் ஒன்று ஆளைக் கொல்லும். அது எது என்று எந்தக் கட்டளையும் உங்களுக்குச் சொல்லாது.

மலையில் கேபிள் எப்படிப் போகிறது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தலைமையாசிரியர் அறையில் நெட் இறங்கும். கணினி அறையோ திடலுக்கு அந்தப் பக்கம், வேறு கட்டடத்தில். நடுவில் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கப் பணம் இருக்காது. அதனால் ஓட்டிலிருந்து ஓட்டுக்கு லான் கேபிளை இழுத்துவிடுகிறார்கள். வழியில் புங்க மரத்தில் ஒரு கட்டு, கரண்டுப் போஸ்டில் ஒரு கட்டு. வெயிலில் மேலுறை வெடித்து, காற்றில் மரத்தோடு உரசி, இரண்டு வருடத்தில் உள்ளே இருக்கும் நிறக் கம்பிகள் வெளியே தெரியும். வேலை செய்கிறவரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இந்த மலையின் தெளிந்த, இருண்ட இரவுகளை நம்பித்தான் காவலூரில் வானாய்வகம் வந்தது. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே நிற்கிறது. அதே வானம் சித்திரையில் வேறு முகம் காட்டும். மத்தியானம் வரை கொளுத்தும். மூன்று மணிக்குமேல் கருக்கும். நாலு மணிக்கு இடி. மலைமுகட்டில் இருக்கும் கட்டடத்துக்கும் மொட்டைமாடி இரும்புக் குழாய்க்கும் அது எவ்வளவு கிட்டத்தில் என்பதைச் சமவெளியில் இருப்பவர்கள் உணர மாட்டார்கள்.

ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்குப் பாயும். அது உங்கள் கேபிள்மேல் விழவேண்டும் என்பதே இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தில் விழுந்தாலும், திடலுக்குக் குறுக்கே தொங்கும் நீளமான செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். நெட்வொர்க் கார்டின் வாயில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் காவல் நிற்கிறது. அதற்கு விதித்திருக்கும் தாங்கும் சோதனை 1,500 வோல்ட். அதற்குமேல் போனால் காவல் உடையும். இதில் இன்னொரு கேடும் உண்டு. இரண்டு கட்டடத்துக்கும் இரண்டு எர்த்து. பாறை மண்ணில் எர்த்து சரியாக இறங்காது. மின்னல் விழும் நொடியில் இந்தக் கட்டடத்தின் தரைக்கும் அந்தக் கட்டடத்தின் தரைக்கும் பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. இரண்டையும் இணைத்துக்கொண்டு நிற்பது உங்கள் லான் கேபிள். ஒரு முனையில் சுவிட்சையும் மறுமுனையில் கார்டையும் அது சேர்த்தே கொண்டுபோகும். அந்த நேரத்தில் மவுசில் கை வைத்திருக்கும் பிள்ளையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கேபிள் எங்காவது கரண்டுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987, உடனே போன் போடுங்கள். லைன் ஆஃப் ஆகும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கம்பு வைத்துத் தட்டிவிடலாம் என்று ஒருவர் கிளம்புவார். ஈரக் கம்பு கரண்டைக் கடத்தும். அவரைப் பிடித்து நிறுத்துங்கள்.

என் கையாலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மலைப் பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி மழைக்கு மறுநாள். கார்டு செத்திருந்தது. நான் அவசரத்தில் பையிலிருந்து புதுக் கார்டை எடுத்து மாட்டினேன். அங்கே நெட் வருவது மொட்டைமாடியில் இருக்கும் ஆன்டெனா வழியாக. அந்த ஆன்டெனாவுக்குக் கரண்டு கொடுக்கக் கீழே ஒரு கறுப்பு அடாப்டர். அதில் அக்கம்பக்கமாக இரண்டு துளை: ஒன்றில் ‘லான்’, இன்னொன்றில் ‘பிஓஇ’. பழைய சுவிட்சும் போய்விட்டதால் சோதிப்பதற்காகக் கணினியை நேராக அடாப்டரில் செருகினேன். துளை மாறிவிட்டது. மெல்லக் கருகல் வாசம் வந்தது. ஒரே காலையில் இரண்டாவது கார்டு.

லான் கேபிள் வழியாகவே கரண்டு அனுப்புவதுதான் பிஓஇ. தரமான பிஓஇ முறை எதிரில் இருக்கும் கருவியைக் கேட்டுவிட்டுத்தான் கரண்டு விடும். இந்த மலிவு அடாப்டர்கள் எதையும் கேட்பதில்லை. எட்டுக் கம்பியில் 4, 5, 7, 8 ஆகியவற்றில் 24 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். சில கார்டுகள் தாங்கும், பல கார்டுகளில் உள்ளிருக்கும் மின்தடைகள் கருகும். ஆகவே அடாப்டருக்குப் பக்கத்தில் போகும்போது எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். முடிந்தால் ‘பிஓஇ’ துளைமேல் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

வெளியே எல்லாம் பத்திரம் என்று தெரிந்தபிறகு சோதனையை எங்கே தொடங்குவது? வெளிக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி ஓரமாக வையுங்கள். நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு மீட்டர் துண்டுக் கேபிள் ஒன்று எப்போதும் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். கணினியைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் தூக்கி வந்து அந்தத் துண்டால் மாட்டுங்கள். விளக்கு எரிந்தால் கார்டும் சுவிட்சும் பிழைத்தன, கேபிள்தான் போயிருக்கிறது. எரியவில்லையென்றால் சுவிட்சின் வேறொரு போர்ட். அதிலும் இல்லையென்றால் சுவிட்சில் வேறொரு கணினி. இந்த மூன்று படியைத் தாண்டாமல் யாரும் புதுக் கார்டுக்குக் காசு கட்ட வேண்டாம்.

லினக்ஸில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்டு ‘டவுன்’ நிலையில் இருந்தால் பல டிரைவர்கள் அதை உறக்கத்திலேயே வைத்திருக்கும். கேபிள் சரியாக இருந்தாலும் அப்போது ‘லிங்க் டிடெக்டட்: நோ’ என்றுதான் வரும். முதலில் கார்டை ‘அப்’ நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் கேளுங்கள். இன்னொன்று: கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் மாட்டினால் அதன் பெயர் மாறும். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான லினக்ஸ்களில் பழைய ‘ஈத்0’ போய், ஸ்லாட்டை வைத்து ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயர்கள் வருகின்றன. அமைப்புக் கோப்பில் பழைய பெயர் அப்படியே கிடக்கும். புதுப் பெயருள்ள கார்டை யாரும் எழுப்ப மாட்டார்கள். நல்ல கார்டை ‘செத்துப்போச்சு’ என்று குப்பையில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்திலும் ஏமாற வேண்டாம். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை காட்டும் பட்டியலில் கார்டு தெரிகிறது என்பதால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள் இல்லை. மின்னல் பெரும்பாலும் கேபிள் பக்கத்துச் சில்லைத்தான் தின்னும். கணினி பக்கத்துச் சில்லு அப்படியே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

வேறு சிலருக்கு விளக்கு எரியும், அணையும், எரியும், அணையும். இது பெரும்பாலும் கேபிள். நூறு எம்பி வேகத்துக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும்: 1, 2, 3, 6. ஆயிரம் எம்பிக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கார்டும் சுவிட்சும் ‘ஆயிரத்தில் பேசலாம்’ என்று முதல் இரண்டு ஜோடியில் ஒப்புக்கொள்கின்றன. அறுந்த ஜோடியில் தடுக்கி விழுகின்றன. மறுபடி எழுந்து ஒப்புக்கொள்கின்றன. சந்தையில் மலிவாக வரும், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளில் இது சீக்கிரம் வரும். வளைத்தால் உள்ளே ஒடியும், ஈரத்தில் அரிக்கும். கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள்.

அந்த நேரத்தில்தான் யாராவது வந்து, “ஆட்டோவை எடுத்துட்டு நூறு ஃபுல் டூப்ளெக்ஸ்னு ஃபோர்ஸ் பண்ணுங்க” என்பார். ஒரு பக்கம் மட்டும் கட்டாயப்படுத்தினால், ஆட்டோவில் இருக்கும் சுவிட்சுக்குப் பதில் கிடைக்காமல் அது ‘ஹாஃப்’ நிலைக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், பிங் போகும், எல்லாரும் வீட்டுக்குப் போவீர்கள். பத்துக் கணினி ஒன்றாகத் தேர்வுப் பக்கத்தைத் திறக்கிற நாளில் அத்தனையும் திணறி நிற்கும். வேகத்தைக் குறைத்தே தீரவேண்டும் என்றால் ஆட்டோவை எடுக்காமல், ‘அட்வர்டைஸ்’ என்ற வழியில் நூறை மட்டும் அறிவிக்கச் சொல்லுங்கள். கேபிள் மாற்றும்வரை அது தாங்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. ‘ஈத்டூல்’ கட்டளையில் ஆங்கிலச் சின்ன எழுத்து ‘இ’ போட்டால் கார்டின் உள் நினைவகத்தைப் படித்துக் காட்டும். பெரிய எழுத்து ‘இ’ போட்டால் அதில் எழுதும். அங்கே எழுதுவது கார்டின் பிறவிக் குறிப்பை மாற்றுவது. கெட்டால் கார்டு தன் முகவரியையே மறந்துவிடும். 2008 ஆகஸ்ட், செப்டம்பரில் இது உலகம் முழுக்க நடந்தது. லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் இன்டெல் கார்டுகள் ஒவ்வொன்றாக ஊமையாயின. எல்லாரும் ‘இ1000இ’ டிரைவரைக் குற்றம் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், கெர்னலின் நடமாட்டத்தைப் பதிவு செய்யும் ‘எஃப்டிரேஸ்’ என்ற வேறொரு பகுதி, விடுபட்டுப்போன நினைவக இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இப்போது கார்டின் நினைவகம் வந்து அமர்ந்திருந்தது. அக்டோபரில் 2.6.27.1 வெளியிட்டு அந்தப் பகுதியை முடக்கினார்கள். கெர்னலை உருவாக்கியவர்களே காரணத்தைக் கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆனது என்றால், யாரோ போனில் சொன்ன ஒரு வரியை நம்பிப் பெரிய ‘இ’ அடிக்கலாமா? படிக்கிற கட்டளை எத்தனை வேண்டுமானாலும் அடியுங்கள். எழுதுகிற கட்டளைக்கு முன்னால் கையை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினி என்றால் இதையும் பாருங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒன்றாகவே வந்தன. அந்தப் பழைய மடிக்கணினிகள் இன்னும் மலையில் ஓடுகின்றன. விண்டோஸ் அணையும்போது சில கார்டுகளை ஆழ்ந்த உறக்கத்தில் விட்டுச் செல்லும். லினக்ஸால் எழுப்ப முடியாது. வயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பல நேரம் விளக்கு வந்துவிடும்.

ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தால் எல்லா விளக்கும் வெறிபிடித்தது போல் மின்னும், ஒருவருக்கும் நெட் வராது. ஒரு முனையைப் பிடுங்குங்கள், அவ்வளவுதான். போளூரிலோ ஆலங்காயத்திலோ உட்கார்ந்து தொலைவிலிருந்து சரி செய்கிறவர்கள் கார்டை ‘டவுன்’ செய்யாதீர்கள். உங்கள் பாலத்தை நீங்களே அறுக்கிறீர்கள். அப்புறம் மலையேறித்தான் ஆக வேண்டும்.

இரண்டு கட்டடத்துக்கு நடுவே இனி செம்பு வேண்டாம். ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. வாங்கும்போது தாங்குகம்பி உலோகமாக இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். இரும்புக் கம்பி சேர்ந்ததை வாங்கினால் பழைய கதைதான். ஃபைபரை லான் கேபிளோடு இணைக்கும் மாற்றிப்பெட்டி இரண்டு முனையிலும் ஒன்றொன்று வேண்டும். பஞ்சாயத்திலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ இதற்காகக் கை நீட்டுவதில் வெட்கமே இல்லை.

அதுவரை, இன்று மத்தியானம் மேற்கே கருக்கத் தொடங்கியதுமே, இடி கேட்பதற்கு முன், வெளிக் கேபிளை இரண்டு முனையிலும் பிடுங்கி வையுங்கள். மாணவர்களை அனுப்பாதீர்கள், நீங்களே செய்யுங்கள். ஆன்டெனா அடாப்டரையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். மறந்துபோய், இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டதா? அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கணினிப் பக்கத்திலிருந்து எழுப்பி, அடுத்த அறைக்குக் கூட்டிப் போங்கள். கார்டு போனால் போகட்டும்.