டாமிக்கும் பத்திரிகை வைப்போமா?

குட்டீஸ்... உங்க அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வீடு முழுக்க ஒரே பரபரப்பு! உங்களுக்குப் புது டிரஸ் வந்தாச்சு. வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் டாமியைப் பார்த்ததும், 'நீயும் மண்டபத்துக்கு வர்றியா?' என்று கேட்கத் தோன்றும். அவனும் நம் வீட்டுப் பிள்ளைதானே!

வெளிநாடுகளில் சில கல்யாணங்களுக்குச் செல்ல நாயும் வருவதுண்டு. 2003ல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஆடம் சாண்ட்லரின் திருமணத்தில், 'மீட்பால்' என்ற அவரது புல்டாக், கோட்டு சூட்டுடன் கலந்துகொண்டது!

நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு டாமியை அழைத்துப் போகலாமா? அவன் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதலில் சத்தம். நம் காதுக்கு 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கேட்கும். நாய்க்கு 40 ஆயிரத்துக்கு மேலும் கேட்கும். தாலி கட்டும்போது 'கெட்டிமேளம்... கெட்டிமேளம்...' என்றதும், தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து முழங்குமே, நமக்கு அது மங்கல ஓசை. டாமிக்கோ ஏதோ ஆபத்து! வாசலில் வெடியும் வெடித்தால் கேட்கவே வேண்டாம். மிரண்டு ஓடும் நாய் தொலைந்து போகலாம்; வண்டியில் அடிபடலாம். ஆசையாகத் தொட வரும் குழந்தையைக் கடித்தும்விடலாம்.

அடுத்தது சூடு. நம்மைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கூட்டம், ஹோமப் புகை, போதாததற்குப் பட்டுச் சட்டை வேறு என்றால் என்ன ஆகும்? பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் ரொம்பவே திணறும்.

பந்தியிலும் கவனம் தேவை. பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை, நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் விஷம்தான்.

அப்படியானால் டாமிக்குக் கல்யாணமே கிடையாதா? உண்டு! ஆனால், அவனுக்குப் பிடித்த மாதிரி.

பந்தக்கால் நடும் நாளில் கூட்டம் குறைவு. மேளம் தொடங்கும் முன், அக்கா பக்கத்தில் அவனை உட்கார வைத்து போட்டோ எடுங்கள். கழுத்துப்பட்டையில் சின்ன ரிப்பன் போதும். அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் அவன் படுக்கும் விரிப்பும் அருகிலேயே இருக்கட்டும். வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டாலோ, காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டாலோ, அடிக்கடி உதட்டை நக்கினாலோ, 'எனக்குப் பயமா இருக்கு' என்று அர்த்தம். உடனே அமைதியான அறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். முகூர்த்தத்தன்று அவனுக்குப் பழக்கமான ஒருவருடன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். கல்யாணம் முடிந்து அக்கா புகுந்த வீடு போய்விடுவார். நமக்குக் காரணம் தெரியும். டாமிக்கு யார் சொல்வது? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக விஞ்ஞானிகள், 12 நாய்களுக்குப் பல வாசனைகளை முகரக் கொடுத்து, அவற்றின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2015ல் வெளியான அந்த ஆய்வின்படி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான், மகிழ்ச்சியை எதிர்பார்க்கும் மூளைப் பகுதி அதிகம் வேலை செய்தது. அந்த மனிதர் அங்கே இல்லாதபோதும்!

அதனால், அக்காவின் பழைய துப்பட்டா ஒன்றைத் துவைக்காமல் வாங்கி, டாமியின் விரிப்பில் போடுங்கள். அக்கா நடத்திக் கூட்டிப்போன அதே நேரத்துக்கு, இனி நீங்கள் கூட்டிப் போங்கள். மறுவீட்டுக்கு அக்கா வரும் அன்று வாசலில் பாருங்கள்... முதலில் ஓடி வந்து வரவேற்பது யார் என்று!