தண்ணீருக்குத் தெரிந்த சரிவு

நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்துக்கு வடசென்னையிலிருந்து போவது இன்று சுலபம். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ராயபுரத்துக்காரர்கள் பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்கலாம். போகிறவர்கள் ஆட்டக்காரர்களைப் பார்க்குமுன் தரையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரங்கம் இது. 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடந்தது இங்கேதான். இடத்தின் பெயரே லேக் ஏரியா. நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த பகுதி. தண்ணீர் தேடி வந்து தங்கிய தாழ்நிலத்தில், கொஞ்சம் ஈரம் நின்றாலே ஆட்டம் நின்றுவிடும் தரையைப் போட்டிருக்கிறார்கள்!

இந்த மாதிரிக் கடினத் தரைகள் பார்வைக்குச் சமதளம்தான். உண்மையில் பொதுவாக ஒரே பக்கமாகச் சாய்த்தே போடுகிறார்கள். நூறு அடிக்கு ஓர் அடிக்குள் சரிவு. பக்கவாட்டில் 18 மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அரை அடி. நம் கண்ணுக்கு அது பிடிபடாது. மழைத் தண்ணீர் கண்டுபிடித்து ஓடிவிடும். ஏன் பக்கவாட்டில்? வலையின் ஒருபுறம் மேடு, மறுபுறம் பள்ளம் என்றால் ஒருவர் ஏற்றத்தை நோக்கி ஆட வேண்டியிருக்கும். பக்கவாட்டுச் சரிவில் இருவருக்கும் தரை ஒன்றே. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

மேலே அடிக்கும் அக்ரிலிக் பூச்சில் நுண்மணல் கலந்திருக்கும். தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். விழும் பந்தை அந்த மணல் பிடித்து இழுக்கிறது. மணல் கூடினால் பந்து வேகம் இழந்து மேலெழும். குறைந்தால் தாழ்வாக வழுக்கிக்கொண்டு சீறும். ஆட ஆட, காலணிகள் தேய்த்துத் தேய்த்தே தரை வேகமாகிவிடுவதும் உண்டு.

பந்துக்கும் கணக்கு உண்டு. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். அந்தச் சோதனை நடப்பது 20 டிகிரியில். சென்னை வெயிலில் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறி, பந்து இன்னும் துள்ளும். அடிபட்டு மேலுள்ள ரோமமும் குலைந்துபோகும். 2008 சென்னை ஓப்பன் அரையிறுதியில் நடாலும் மோயாவும் இங்கே 3 மணி 54 நிமிடம் மோதினார்கள். அத்தனை அடியை ஒரே பந்து தாங்குமா? முதலில் 7 கேம் முடிந்ததும், பிறகு 9 கேமுக்கு ஒருமுறையும் புதுப் பந்துகள் வரும்.

எங்கே உட்காரலாம்? பந்தின் சுழற்சியைப் பார்க்க, ஆட்டக்காரருக்குப் பின்னால் கீழ் வரிசை. ஒலியின் வேகத்தை உணர மேல் வரிசை. சர்வ் போடுகிறவரிடமிருந்து 35 மீட்டர் தள்ளி இருந்தால், அடித்த சத்தம் வந்துசேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் புறப்பட்ட பந்து அதற்குள் 5 மீட்டரைத் தாண்டியிருக்கும், கிட்டத்தட்ட வலைக்குப் பாதி வழி.